பிடி அரிசியும் பெண்கள் ஐக்கியமும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

எங்கள் வகுப்பில் லுத்தரன் சபையைச் சேர்ந்த தோழியர் சிலர் உள்ளனர். "இன்று அம்மா ஐக்கியத்துக்குப் போயிருக்கிறார்கள், வீடு பூட்டியிருக்கும்" என்று அவர்களுள் ஒருத்தி மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது சொல்லுவாள். அன்று அவள் எங்களில் யாராவது ஒருத்தியின் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் போவாள். தாய்மார்களை மாலை ஆறு மணி வரை வீட்டை மறக்கச் செய்யும் அந்த ஐக்கியம் எத்தகையது என்று அறிய விரும்பினோம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் அதன் உறுப்பினராக உள்ள சில தாய்மார்களைச் சந்தித்துக் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் லுத்தரன் திருச்சபையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1517-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் எழுப்பிய கேள்விகளிலிருந்து தோன்றியது அத்திருச்சபை. நமக்கும் அவர்களுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த பிணக்கைப் பற்றி நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு திருச்சபையினரும் ஒரே அறிக்கையில் கையொப்பமிட்டதைப் பலர் அறியார். மனிதர் இறைவனுக்கு ஏற்புடையோராவது அவருடைய அருளாலேயே என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். 2016-இல் அதே அக்டோபர் 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் சுவீடன் நாட்டின் லுண்ட் பேராலயத்துக்குச் சென்று லுத்தரன் மக்களுடன் சேர்ந்து செபித்தார். ஆகவே எங்கள் தோழியின் அம்மா எங்கே போகிறார் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை என்று எங்கள் அருட்சகோதரியும் கூறிவிட்டார்.

தமிழ்நாட்டில் இத்திருச்சபை வேரூன்றிய இடம் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு இளைஞர்கள் அங்கே கரையிறங்கினர். மறு ஆண்டே, அதாவது 1707-இல், அங்கே பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய பெண்கள் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. புத்தகப் பையைச் சுமந்து வரும் நாம் ஒவ்வொருவரும் அந்தச் சிறு பள்ளிக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்களே. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய மறைப்பணியாளர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதன்பின் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது. அதன் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. ஆம்பூர், நாகர்கோவில் பகுதிகளில் அமெரிக்க லுத்தரன் பணியால் வளர்ந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை வேறு. இந்த ஊர்களிலிருந்தெல்லாம் இரயில்வே வேலைக்கும், விமானப்படைத் தளத்துக்கும், 1984-இல் சானடோரியம் அருகே தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்துத் தொழிற்சாலைகளுக்கும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளே எங்கள் தோழியர்.

தமிழ்ப் பெண்கள் சபையில் தலைமை ஏற்றது ஐக்கியம் என்ற பெயர் வந்த பிறகுதான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது சரியன்று. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் அம்மையார் வாழ்ந்தார். அந்தணர் குலத்தில் பிறந்து இளமையிலேயே கைம்பெண்ணானவர். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் வாழ்ந்த அவருக்குத் திருமுழுக்கு அளிக்க லுத்தரன் குருவான சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-இல்தான் அளித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1780-இல், பாளையங்கோட்டைச் சபையின் உறுப்பினர் பட்டியல் எழுதப்பட்டபோது அதில் இருந்தவர்கள் நாற்பது பேர். பட்டியலின் முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. மறுக்கப்பட்டவரே முதல் வரியில் இடம்பெற்றதைப் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அவர் கட்டிய ஆலயம் 1785-இல் அர்ச்சிக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்து வந்தனர்.

இனி ஐக்கியத்துக்கு வருவோம். சில சபைகளில் மாதர் சங்கம் என்றும், சில சபைகளில் பெண்கள் ஐக்கியம் என்றும் பெயர். போதகரை அவர்கள் 'ஐயர்' என்பார்கள்; அவருடைய மனைவி 'ஐயரம்மா'. இதைக் கேட்டு எங்களில் ஒருத்தி முதலில் திகைத்தாள்! நாம் 'செபம்' என்பதை அவர்கள் 'ஜெபம்' என்பார்கள். நமது 'விவிலியம்' அவர்களுக்கு 'வேதாகமம்'. நமக்கு மரியாயின் சேனையும், வின்சென்ட் தே பவுல் சபையும், அன்பியங்களும் இருப்பதுபோல அவர்களுக்கு ஐக்கியம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கூட்டம் பெரும்பாலும் பிற்பகலில் நடைபெறும். கீர்த்தனை பாடுவார்கள். ஒருவர் வேதபாகம் வாசிப்பார். மற்றொருவர் அதை விளக்குவார். இந்த விளக்கம் கூறும் கடமை முறைவைத்து எல்லோருக்கும் வரும். இதுதான் பலருக்கு முதற்சோதனை. ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மாமியாருக்கு எதிரில்கூட உரக்கப் பேசியதில்லை. என் முறை வந்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து நிமிடம் பேச வேண்டும், நான் பேசியது ஒரு நிமிடம் இருக்கும். எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். அடுத்த முறை ஐந்து நிமிடம் ஆயிற்று." இப்போது அவர்தாம் அந்த ஐக்கியத்தின் செயலாளர். வீட்டுவசதிக் குடியிருப்பில் தண்ணீர் வராதபோது மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்று பேசுபவரும் அவரே என்று அவருடைய மகள் பெருமையோடு சொன்னாள்.

தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய வேண்டும். சென்ற கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளர் வாசிக்க, அதைச் சபை ஏற்றுக்கொள்ளும். பொருளாளர் வரவு செலவைப் படிப்பார். எங்களுக்குக் காட்டப்பட்ட கணக்கேட்டில் "சுண்டல் ரூ. 180" என்பதற்குக்கூட ஒரு வரி இருந்தது. குடியாட்சி முறையைப் பற்றி நாம் சமூக அறிவியலில் படித்து மதிப்பெண் பெறுகிறோம். இவர்கள் அதை மாதந்தோறும் பாயில் அமர்ந்து நடத்துகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? இக்கட்டுரையில் நாங்கள் மிகவும் விரும்பி எழுதுவது இப்பகுதியைத்தான். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் 'பிடி அரிசிக் காணிக்கை' என்றொரு பழக்கம் நெடுங்காலமாக உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டு செல்வார்கள். அங்கே அது விற்கப்படும், அல்லது ஏழைகளுக்குப் பங்கிடப்படும். இப்பழக்கம் லுத்தரன் சபைக்கு மட்டும் உரியதன்று. நமது பாட்டிமார்களுக்கும் தெரிந்ததே. நாங்கள் எங்கள் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பிடிக்குப் பிடி வேறுபட்டாலும் சராசரி ஐம்பது கிராம் வந்தது. நாளைக்கு இருவேளை சமைத்தால் நூறு கிராம், மாதத்துக்கு மூன்று கிலோ. முப்பது வீடுகள் சேர்ந்தால் தொண்ணூறு கிலோ, ஏறக்குறைய ஒரு மூட்டை! எவர் வயிறும் இதனால் காயவில்லை.

ஆனால் பிடி அரிசியின் சிறப்பு எடையில் இல்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்நாளில் கணவனின் சம்பளத்தில் ஒரு ரூபாயைத் தன் விருப்பப்படி கொடுக்கப் பெண்ணுக்கு உரிமை இருந்ததில்லை. நிலம் அவள் பெயரில் இல்லை. நகையும் உண்மையில் அவளுடையதன்று. அரிசிப் பானை மட்டுமே அவள் கையில் இருந்தது. அந்தப் பானையிலிருந்து யாரையும் கேட்காமல் அவள் ஒரு பிடி எடுத்தாள். நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போட்டதும் யாரையும் கேட்டன்று. இன்று புறநகர் அடுக்குமாடி வீடுகளில் கலயத்தின் இடத்தைத் தகர உண்டியல் பிடித்துவிட்டது. அறுப்பின் பண்டிகை நாளில் ஐக்கியத்தார் முறுக்கு, அதிரசம், ஊறுகாய் விற்பார்கள். பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகும். நூறு ரூபாய்ப் பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போனதை எங்கள் தோழி கண்ணால் கண்டிருக்கிறாள். வாங்கியவர் அதை மீண்டும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டாராம்.

சிறு காணிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் குண்டூர் சான்று. அது இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது; அன்று நமது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1879-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லுத்தரன் பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு மறைப்பணிச் சங்கத்தை நிறுவினர். பெரும் செல்வர்களின் சங்கமன்று அது. ஊர் ஊராகப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கைதான் அதன் முதல். அவர்களுடைய உதவியால் 1883-இல் அன்னா சாரா குக்லர் என்னும் இளம் மருத்துவர் குண்டூருக்கு வந்தார். விந்தை என்னவென்றால், மருத்துவப் பணி தொடங்க அவர்கள் அப்போது ஆயத்தமாக இல்லாததால் அவரை மருத்துவராக அன்றி ஆசிரியையாகவே அனுப்பினர். வந்த இடத்தில் ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே வாடிய பெண்களை அவர் கண்டார். கைவசம் இருந்த மருந்துகளைக் கொண்டு பார்க்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே அவருக்கு மருத்துவர் என்ற நியமனம் கிடைத்தது. 1898-இல் அவருடைய மருத்துவமனை திறக்கப்பட்டது. தம் மனைவி நலம் பெற்றதற்கு நன்றியாக ஏலூர் இராசா நோயாளிகளின் உறவினர் தங்க அதன் அருகில் ஒரு சத்திரம் கட்டிக் கொடுத்தார். 1930-இல் குக்லர் அம்மையார் குண்டூரிலேயே காலமானார். வேலூரின் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நாம் அனைவரும் பேச்சுப் போட்டியில் பேசியிருக்கிறோம். அவர் மருத்துவராகி 1900-இல் வேலூருக்குத் திரும்பும் முன்பே குண்டூரில் இது நடந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் குக்லர் அம்மையாருக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

கொடுப்பது பெண்கள், முடிவெடுப்பது ஆண்கள் என்னும் நிலை லுத்தரன் திருச்சபையிலும் நெடுங்காலம் இருந்தது. அதை அத்தாய்மார்களே மறைக்காமல் சொன்னார்கள். ஆண்டுக்கொருமுறை 'பெண்கள் ஞாயிறு' வரும். அன்று ஆராதனையை நடத்துவதும் அருளுரை வழங்குவதும் பெண்கள். "மற்ற ஐம்பத்தொரு ஞாயிறும்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அவர்கள் சிரித்தார்கள். உலக லுத்தரன் கூட்டமைப்பு 1947-இல் தொடங்கியது. 1984-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய அதன் பேரவை, பிரதிநிதிகளில் நூற்றுக்கு நாற்பது பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 2021-இல் எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த ஆன் புர்கார்ட் அதன் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. இந்தியாவிலும் லுத்தரன் திருச்சபைகளில் பெண்கள் போதகர்களாகியுள்ளனர். குருத்துவத்தைப் பற்றி நம் திருச்சபையின் போதனை வேறு. அதை விவாதிப்பது எங்கள் நோக்கமன்று. பாயில் அமர்ந்து கணக்கு வாசிக்கப் பழகிய கையும் குரலும் எங்கேயும் கூசாது என்பதையே நாங்கள் கண்டோம்.

ஐக்கியத்தின் மற்றொரு வேலை உடல்நலம் பற்றியது. தாம்பரம் என்றாலே நோயாளரின் நினைவு வருவது இயல்பு. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளருக்காக இங்கே சானடோரியம் அமைத்தார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்றும் இரயில் நிலையத்தின் பெயரில் அது வாழ்கிறது. நோயாளரைச் சென்று பார்ப்பதும் அவர்களுக்காகச் செபிப்பதும் ஐக்கியத்தாருக்குப் பழகிய பணி. ஆனால் தங்கள் உடம்பைப் பற்றி அவர்கள் பேசத் தொடங்கியது அண்மையில்தான் என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு செவிலியரை அழைத்தார்களாம். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?" ஒருவர் விடாமல் எல்லோரும் கை தூக்கினார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பேருக்கு இரத்தசோகை. பதினைந்து வயது என்றால் நாமும் அதில் அடக்கம். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். குறைந்தால் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கும், தலை சுற்றும், படிப்பில் மனம் நிற்காது. சோம்பல் என்று நம்மைத் திட்டுவார்கள்! முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, சுண்டல் ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் உடல் அந்த இரும்பைச் சரிவர ஏற்றுக்கொள்ளாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் உடனிருந்தால் நன்றாக ஏற்கும். இதைக் கேட்டபின் அந்த ஐக்கியத்தில் சுண்டலோடு தேநீர் கொடுப்பதை நிறுத்தி எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்களாம். நாலு பேருக்கு அதில் வருத்தம் என்று கேள்வி. பள்ளிகளில் வாரந்தோறும் கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியும் தோழியர் இப்பத்தியை மறுமுறை படிக்க வேண்டுகிறோம்.

மனத்தின் சோர்வும் ஒரு நோயே. ஊரை விட்டு வந்து பெருங்களத்தூரிலோ மேடவாக்கத்திலோ மூன்றாம் மாடியில் குடியேறும் ஒரு புது மணமகளுக்கு அக்கம்பக்கத்தில் யாரைத் தெரியும்? கணவன் காலையில் போனால் இரவில்தான் வருவான். அவளுடைய கதவைத் தட்டும் முதல் ஆள் பெரும்பாலும் ஐக்கியத்தின் 'சந்திப்புக் குழு'தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெரு வாரியாகப் பெயர்கள் எழுதியிருக்கும்: யாருக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், யாருடைய வீட்டில் இரவில் சத்தம் கேட்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பற்றி அவர்கள் எங்களிடம் அதிகம் பேசவில்லை. பெண்கள் உதவிக்கான 181 என்னும் தொலைபேசி எண் மட்டும் அந்த நோட்டின் முன் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளைச் சூழ்ந்தது. அப்போது நாங்கள் சிறு குழந்தைகள். பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்ற வேறுபாடின்றி எங்கும் உலை கொதித்த நாட்கள் அவை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத வேளையில் அந்தச் சந்திப்பு நோட்டு பயன்பட்டதாம். எந்தத் தெருவில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்று படகில் வந்தவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் சொன்னார்களாம். அந்த நோட்டின் ஓரங்கள் இன்றும் பழுப்பேறிச் சுருங்கியிருக்கின்றன.

இறுதியாக ஒரு செய்தி. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலகெங்கும் பெண்களின் உலக செப நாள். அமெரிக்கப் பெண்கள் 1887-இல் தொடங்கிய ஒரு செப நாளிலிருந்து வளர்ந்து, 1927 முதல் உலக அளவில் நடைபெற்று வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் வழிபாட்டை எழுதித் தருவார்கள். 2024-இல் பாலஸ்தீனப் பெண்களும், 2025-இல் பசிபிக் கடலின் குக் தீவுப் பெண்களும் எழுதினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கப் பெண்களும் இதில் பங்கேற்கின்றனர். எங்களில் இருவருடைய தாய்மார்கள் தோழியின் அம்மாவுடன் இவ்வாண்டு சென்று வந்தார்கள். 'ஜெபம்' என்றும் 'செபம்' என்றும் இருவிதமாய் ஒலித்தது என்றார்கள். வழிபாடு முடிந்தபின் காணிக்கையை எண்ணுவதற்கு ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒருவரை அழைத்தனர். நம் பக்கத்திலிருந்து சென்றவர் நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி முடித்து, சில்லறையைக் குவித்தபோது, நாணயங்களுக்கு நடுவே ஒரு சிறு துணி முடிச்சு இருந்ததாம். அவிழ்த்துப் பார்த்தால் அரிசி. பொருளாளர் சிறிதும் வியப்படையாமல், கணக்கேட்டில் "அரிசி, ஒரு பிடி" என்று எழுதிக்கொண்டாராம்.